தகப்பன் கையெழுத்து

"கையெழுத்துதானே? போய்க் கேட்டா போடப் போறான். அதுக்கு எதுக்கு மூஞ்சியை இப்படித் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கே?" என்றார் அண்ணன்.

விசா மையத்திலிருந்து வந்த தங்கை, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை இறக்கப் போகாமல் அண்ணி அடுக்களை வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சிட்டு பென்சிலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

சிட்டு அந்தத் தங்கையின் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். வீட்டில் எல்லோருக்கும் சிட்டு.

"என்னோடது எல்லாம் சரியா இருக்காம் அண்ணா," என்றாள் அவள், கடைசியில். "வேலைக் கடிதம், தேர்வு, மருத்துவச் சோதனை, ஒண்ணுலயும் குறை இல்லை. சிட்டுவோட விண்ணப்பத்துலதான் நிறுத்தி வெச்சுட்டாங்க. தகப்பன் நேர்ல வந்து, என் பொண்ணு வெளிநாடு போறதுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடணுமாம். இல்லைன்னா குழந்தையோட முழுப் பொறுப்பும் எனக்குத்தான்னு கோர்ட்டு உத்தரவு கொண்டு வரணுமாம்."

"கோர்ட்டு எதுக்கு? அதான் பெத்தவன் உசுரோட இருக்கானே!"

"அதனாலதானே இவ்வளவு பாடு," என்று அண்ணி முணுமுணுத்தாள். அண்ணன் திரும்பிப் பார்த்ததும் பொங்கியதை இறக்க உள்ளே போய்விட்டாள்.

"அவர் போனப்பவே விவாகரத்து வாங்கியிருந்தா, இன்னிக்கு அவர் வாசல்ல போய் நிக்க வேண்டியதில்லை. நான் கேட்டேன். நீங்கதான் வேண்டாம்னீங்க."

அண்ணன் செய்தித்தாளை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர் அவர். அங்கே அவர் குரலுக்கு ஓட்டுநர்கள் எல்லாம் அடங்கிப் போவார்கள். தங்கையிடம் குரலை உயர்த்துவதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன். நாளைக்குச் சிட்டுவுக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா, அறுத்துக்கிட்டு வந்தவ பொண்ணுன்னு யாரும் சொல்லக் கூடாது பாரு. பேருக்காவது ஒரு புருஷன் இருக்கட்டும்னு நினைச்சேன்."

பேருக்கு இருந்த அந்தப் புருஷன்தான் இப்போது பெரிய ஆளாகிவிட்டிருந்தான்.

அவள் வெல்டர். கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் குழாய் இணைக்கும் பிரிவில் வேலை. அந்தக் கூடத்தில் முகக்கவசம் போட்ட ஒரே பெண். ஆரம்பத்தில், "பாத்தும்மா, கண்மை கரைஞ்சிடப் போகுது" என்று கேலி பேசியவர்கள் பிறகு அவளை 'ஸ்பார்க் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவும் கேலியாகத்தான் தொடங்கியது. நாளடைவில் அதில் மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது.

வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தபோது ஃபோர்மேனே அவள் பெயரைக் கொடுத்தார். சாய்வாகப் பொருத்திய குழாயில் வெல்டிங் வைத்துக் காட்ட வேண்டும். குழாயைத் திருப்பக் கூடாது. வேலை செய்பவர்தான் குனிந்தும் நிமிர்ந்தும் ஒருக்களித்தும் அதைச் சுற்றி வர வேண்டும். அவள் வைத்த வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குமிழி இல்லை, ஒரு கீறல் இல்லை. அவளோடு தேர்வானவன் நெட்டை என்கிற இன்னொரு வெல்டர். இரண்டு பேருக்கும் திறன் பணியாளர் விசா, குடும்பத்தோடு வந்து தங்கலாம் என்று கடிதம் வந்தது. அன்று மாலை சிட்டு உலக வரைபடத்தில் அந்த நாட்டைத் தேடி விரலை வைத்துவிட்டு, "இவ்ளோ தூரமா!" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

நெட்டைக்கு மூன்று பிள்ளைகள். அவனைக் கேட்டவர்கள் எல்லாம், "முதல்ல நீ போய்க் காலூன்று, அப்புறம் அதுங்களைக் கூப்பிட்டுக்கோ" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அவளிடம் வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணை என்ன பண்ணப் போறே?" என்பதுதான்.

புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளன். எல்லோருக்கும் மாஸ்டர். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. யாரிடமும் முகம் கோணாமல் பேசுவான். அவளுக்குத் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமானதிலிருந்துதான் அவனுக்கு வீடு பிடிக்காமல் போனது. "வீட்டுக்குள்ள வந்தாலே இரும்பு வாடை அடிக்குது" என்றான். ஒரு நாள் காலை இரண்டு சட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வரேன்" என்று கிளம்பினான். சிட்டு அப்போது மழலை வகுப்பு. கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

பிறகு செய்தி வந்தது, ஊரின் அந்தக் கோடியில் அழகு நிலையம் வைத்திருக்கும் ஒருத்தியோடு அவன் குடித்தனம் நடத்துகிறான் என்று. அப்போதுதான் அவள் விவாகரத்துக் கேட்டாள். அண்ணன் கும்பிடாத குறையாகத் தடுத்தார். அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு அவளும் சிட்டுவும் வந்து சேர்ந்தது அப்படித்தான். அந்த நன்றிக்கடன் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

சனிக்கிழமை அண்ணன் அவளையும் சிட்டுவையும் அழைத்துக்கொண்டு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். "குழந்தையைப் பாத்தா இளகிடுவான்" என்பது அவர் கணக்கு.

மாஸ்டர் நன்றாகவே வரவேற்றான். "வாங்க மச்சான்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தேநீர் வரவழைத்தான். சிட்டுவைப் பார்த்து, "அடேங்கப்பா, என்ன உசரம்! ரெண்டாவதா படிக்கிறே?" என்றான்.

"நாலாவது."

"அதான், உசரத்தைப் பாத்தாலே தெரியுதே." தானே சிரித்துக்கொண்டான். "வா, அப்பா உனக்கு ஒரு ரவுண்டு காட்டறேன்."

பயிற்சிக் காரில் சிட்டுவை முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். மைதானத்தில் கார் வட்டமடிப்பதை அவள் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் காரை நிறுத்தி, சிட்டுவைத் தன் பக்கம் இழுத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க வைத்தான். சிட்டு சிரிப்பது தூரத்திலேயே தெரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து அண்ணன், "நான் சொல்லலை?" என்றார். அவளுக்கும் ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

திரும்பி வந்தபோது சிட்டு சிரிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றுகொண்டாள்.

"நான் கேட்டேன்," என்றான் மாஸ்டர், தேநீர்க் குவளையை ஓரமாக நகர்த்திவிட்டு. "அப்பாவை விட்டுட்டு அவ்ளோ தூரம் போயிடுவியான்னு கேட்டேன். வாயே திறக்கலை. அதுலயே தெரியலையா மச்சான், குழந்தைக்கே மனசில்லைன்னு?"

"குழந்தைகிட்டயா இதைக் கேப்பீங்க?" என்றாள் அவள்.

"என் பொண்ணு. நான் கேக்காம வேற யாரு கேப்பாங்க?"

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் அவ ஸ்கூல் வாசல்ல வந்து நின்னிருக்கீங்களா?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்." அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. "நான் உங்களை விட்டுட்டேன்னு எங்கேயாவது சொன்னேனா? எந்தப் பேப்பர்லயாவது எழுதிக் குடுத்தேனா? இன்னிக்கும் சட்டப்படி நான்தான் உன் புருஷன். அவளுக்கு அப்பன்."

அண்ணன் குறுக்கே வந்தார். "மாப்ளே, பழசை விடுங்க. பொண்ணோட எதிர்காலம்..."

"எனக்கும் அதே கவலைதான் மச்சான். நான் முடியாதுன்னு சொல்லலையே. எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை வந்து கேக்கச் சொல்லுங்க. பேத்தியை அனுப்பறதுன்னா பெரியவங்க சம்மதம் வேண்டாமா?"

வரும் வழியில் பேருந்தில் சிட்டு கேட்டாள். "அம்மா, நான் 'ஆமா'ன்னு சொல்லியிருந்தா அவர் கையெழுத்துப் போட்டிருப்பாரா?"

"இல்லைடா கண்ணு."

"அவர் அழுற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டாரும்மா. அதான் சொல்ல வரலை."

அவள் குழந்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மாமியார் வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். பெரிய மாமனார், நாத்தனார், நாத்தனாரின் கணவர் என்று எல்லோரையும் வரவழைத்திருந்தார்கள். அவளுக்கு மட்டும் உட்கார இடமில்லை, யாரும் எழவுமில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என் பையன் ஏன் வீட்டை விட்டு வந்தான்னு யோசிச்சுப் பாத்தியா?" என்று மாமியார் ஆரம்பித்தாள். "ஆம்பளை வேலைக்குப் போறேன்னு நின்னே. அவன் பேச்சை மதிச்சியா? இப்ப மட்டும் அவன் தயவு வேணுமாக்கும்?"

"அத்தை, சிட்டுவுக்காகத்தான் கேக்கறேன்."

"கேக்கற விதமா இது? விறைச்சுக்கிட்டு நிக்கறே. தப்புதான்னு ஒரு வார்த்தை வருதா உன் வாயில?"

அண்ணன் அவள் காதருகே குனிந்தார். "சொல்லிடும்மா. ஒரு வார்த்தைதானே. வாய் வலிக்கவா போகுது?"

வாய் வலிக்கவில்லை. வேறெங்கோ வலித்தது. தன்னை விட்டுப் போனவனின் தாயிடம், அவன் போனதற்காக, "என் மேல தப்புதான்" என்று அவள் சொன்னாள். அங்கே இருந்த ஒருவருக்கும் அதில் அதிசயம் தெரியவில்லை. பெரிய மாமனார் திருப்தியாகத் தலையாட்டினார். மூலையில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் தரையைப் பார்த்தபடி, "யோசிச்சுச் சொல்றேன்" என்றான்.

யோசித்தான். வாரங்கள் போயின. கம்பெனியிலிருந்து முதல் நினைவூட்டல் வந்தது. நெட்டைக்கு விசா வந்தேவிட்டது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தான். அவளிடம் நீட்டும்போது மட்டும் கை தயங்கியது. "உங்களுக்கும் வந்துடும்க்கா," என்றான். "நீங்க இல்லாம அங்கே நான் யார்கிட்ட திட்டு வாங்குவேன்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குத் தொலைபேசி வந்தது. பேசி முடித்தவர் முகம் மலர்ந்திருந்தது. நேராக அடுக்களைக்கே வந்தார்.

"கேளு சங்கதியை! மாப்பிள்ளை மனசு மாறிட்டார். கையெழுத்தென்ன, கூடவே வரேங்கறார். விண்ணப்பத்துல கணவர்னு அவரையும் சேர்த்துடணுமாம். அங்கே போய்ப் புதுசா வாழ்க்கையை ஆரம்பிக்கலாம்னு சொல்றார். பிரிஞ்ச குடும்பம் ஒண்ணு சேருதும்மா!"

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"அவர் கூட இருக்கற பொண்ணு."

"அதெல்லாம் அவர் பாத்துக்குவார். ஆம்பளைன்னா அப்படி இப்படி இருக்கறதுதான். திரும்பி வரேன்னு சொல்றப்ப கதவைச் சாத்துவாங்களா யாராவது?"

அண்ணன் அன்றைக்கே உறவினர்கள் நாலு பேரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். பொறுமையாக இருந்தாள், பலன் கிடைத்தது என்றார்கள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

விசா மையத்தில் விசாரித்தாள். கணவனைச் சேர்க்கலாம், தடையில்லை. ஆனால் இருவரும் தொடர்ந்து ஒன்றாக வாழ்ந்து வருகிறோம் என்று அவள் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். பொய் என்று பின்னால் தெரிந்தால் எல்லோருடைய விசாவும் போய்விடும். மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. கவுண்டரில் இருந்த பெண் இதைச் சொல்லிவிட்டு, "ஒண்ணாத்தானே இருக்கீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அவள், "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். மாஸ்டரின் வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது தொழிற்சாலை வாசலில் ஒருத்தி காத்திருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவளைக் கண்டதும் முன்னே வந்தாள்.

"அக்கா, நான்... பார்லர் வெச்சிருக்கேன்."

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ முறை மனதுக்குள் சண்டை போட்ட முகம். நேரில் பார்த்தால் களைத்துப்போன சின்னப் பெண். விரல்களில் சாயக் கறை.

"என்ன வேணும்?"

"திட்டணும்னா திட்டிடுங்கக்கா. வாங்கிக்கத்தான் வந்திருக்கேன். ஆனா ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன். அவர் உங்க கூட வெளிநாடு போறாராமே?"

"அவர் சொன்னாரா?"

"அவர் எங்கே சொல்வார்? கடைக்கு வர்ற அம்மா ஒருத்தங்க சொன்னாங்க." குழந்தையை இடம் மாற்றிக்கொண்டாள். "போகட்டும்க்கா. நான் தடுக்கலை. ஆனா இவளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரு இல்லை. பதிவு பண்றப்ப வந்து ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு கெஞ்சினேன். போட்டா சட்டச் சிக்கலாயிடும், எனக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்குன்னு சொல்லிட்டார். அவர் போயிட்டா நான் யாரைப் போய்க் கேப்பேன்?"

அவள் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். புருவம் அப்படியே சிட்டுவின் புருவம். எங்கோ பார்த்துக்கொண்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"உக்காரு," என்றாள். வாசலோரம் இருந்த சிமெண்டுத் திட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஷிப்டு விட்டுப் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஒரு பெண்ணுக்குத் தகப்பன் என்று ஊர் முழுக்கச் சொல்லி அவளை நகரவிடாமல் வைத்திருக்கிறான். இன்னொரு பெண்ணுக்குத் தகப்பன் என்று சொல்லாமலே நகரவிடாமல் வைத்திருக்கிறான். இரண்டுக்கும் அவன் சத்தம் போட வேண்டியிருக்கவில்லை, அடிக்க வேண்டியிருக்கவில்லை. சும்மா இருந்தாலே போதுமாயிருந்தது.

"நான் அவரைக் கூட்டிட்டுப் போகலை," என்றாள் அவள்.

"அப்போ உங்க பொண்ணு?"

அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு எழுந்தாள்.

வீட்டில் அவள் முடிவைச் சொன்னபோது அண்ணன் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "பைத்தியமா உனக்கு? வலிய வர்ற வாழ்க்கையை எட்டி உதைக்கிறியே!"

"வாழ்க்கை வரலை அண்ணா. விசாவுக்கு ஆள் வருது."

"சரி, அப்படியே இருக்கட்டும். அங்கே போய்ச் சேர்ந்தப்புறம் உன் இஷ்டம் போல இரு. ஒரு பொய்தானே?"

"ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிட்டேன், அவங்க வீட்டுக் கூடத்துல. அது போதும்."

அண்ணன் அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து அவளோடு பேசுவதையும் நிறுத்தினார். சொல்ல வேண்டியதைச் சிட்டுவிடம் சொல்லி அனுப்பினார். அவர் கெட்டவரில்லை. தங்கை வாழ வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர். ஆனால் ஒரு பெண் வாழ்வது என்றால் பக்கத்தில் ஒரு புருஷன் நிற்பது என்பதைத் தவிர வேறொரு படம் அவர் மனதில் இல்லவே இல்லை.

அண்ணி மட்டும் துணி மடிக்கும் சாக்கில் பின்னறைக்கு வந்தாள். "நீ முதல்ல தனியா போ. சிட்டுவை நான் பாத்துக்கறேன். என் பொண்ணு மாதிரி பாத்துக்குவேன். அப்புறமா நிதானமா கூப்பிட்டுக்கலாம்."

அவளுக்கு அது சரியென்றுதான் பட்டது. நெட்டையின் பிள்ளைகள் அப்படி இருக்கப்போவதில்லையா? சிட்டுவிடமும் மெதுவாகச் சொன்னாள். சிட்டு அழவில்லை. "தினமும் வீடியோவுல வருவியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வரைபடத்தை எடுத்து மறுபடி விரலால் அளந்து பார்த்தாள். இந்த முறை 'இவ்ளோ தூரமா' என்று கத்தவில்லை.

அவள் தனியாகப் போகப் போகிறாள் என்பது எப்படியோ மாமியார் காதுக்கு எட்டிவிட்டது. கிழவி தொலைபேசியில் அண்ணியிடம் சொன்னது இவ்வளவுதான்: "தாராளமா போகச் சொல்லு. அவ கிளம்பின மறுநாளே என் பேத்தியை நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். தாய் இல்லாத இடத்துல தகப்பனுக்குத்தானே உரிமை? மாமன் வீட்டுல எதுக்கு வளரணும்?"

அவள் ஒரு பெண் வக்கீலைத் தேடிப் போய்க் கேட்டாள். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "மிரட்டல்னு நினைக்காதீங்க, நடக்கக்கூடியதுதான். நீங்க வெளிநாட்டுல இருக்கறப்ப அவர் வந்து கேட்டா, உங்க அண்ணனால தடுக்க முடியாது. உங்ககிட்ட எந்த உத்தரவும் இல்லையே."

"உத்தரவு வாங்க எவ்வளவு நாளாகும் மேடம்?"

"அவர் ஒத்துழைச்சா சீக்கிரம் முடியும்." வக்கீல் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "ஒத்துழைக்கறவரா இருந்தா நீங்க இங்கே வந்திருக்க மாட்டீங்க."

கம்பெனி அவளுக்காக இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது. பிறகு, வருத்தத்தோடு இந்த வாய்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், எதிர்காலத்தில் சூழ்நிலை மாறினால் மீண்டும் தொடர்புகொள்ளுங்கள் என்று மரியாதையாக எழுதியது. ஃபோர்மேன் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ச்சே," என்றார். அன்று அவள் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வேலை செய்தாள். கவசத்துக்குள் யார் அழுதாலும் வெளியே தெரியாது என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அன்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

நெட்டை விமானம் ஏறினான். வழியனுப்ப அவளும் போனாள். அவனுடைய மனைவி கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி நின்றாள். சுற்றி நின்றவர்கள், "குடும்பத்துக்காக எவ்வளவு பெரிய தியாகம்" என்று அவனைப் புகழ்ந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் அவள் வழக்குப் போட்டாள். விவாகரத்தும், சிட்டுவின் பொறுப்பும். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல், "இனி இந்த வீட்டு வாசல்ல போலீஸும் சம்மனும்தான் வரும்" என்றார். வீட்டை விட்டுப் போ என்று சொல்லவில்லை. அவள் தானாகவே தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். சாமான்களை ஏற்றும்போது அண்ணி தன்னுடைய புது மிக்சியைத் துணியில் சுற்றி, யாருக்கும் தெரியாமல் வண்டியில் வைத்தாள்.

பார்லர்க்காரியை அதே வக்கீலிடம் கூட்டிப்போனதும் அவள்தான். பெற்றவன் பெயரைச் சான்றிதழில் சேர்க்க வேண்டும் என்று பார்லர்க்காரியும் மனுப் போட்டாள். எதிராளி ஒருவனே என்பதால் இரண்டையும் ஒரே நாளில் விசாரணைக்குக் கொண்டுவர வக்கீல் ஏற்பாடு செய்தாள்.

முதல் வாய்தாவுக்கு மாஸ்டர் வரவில்லை. உடம்பு சரியில்லையாம். அடுத்ததற்கும் வரவில்லை. சம்மன் கைக்கு வரவில்லையாம். மூன்றாவது முறை இரண்டு பெண்களும் குடும்பநல நீதிமன்ற வராந்தா பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னக் குழந்தை சிட்டுவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஈ வராமல் சிட்டு கையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.

டவாலி வாசலுக்கு வந்து மாஸ்டரின் பெயரை உரக்கக் கூப்பிட்டான். பதில் இல்லை. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வழக்குக்காக வந்து மறுபடியும் அதே பெயரைக் கூப்பிட்டான். கூப்பிட்ட பிறகுதான் அவனுக்கே பொறி தட்டியது. பெஞ்சருகே வந்தான்.

"ரெண்டு கேஸுக்கும் ஒரே ஆளா? இந்தம்மா அப்பன் வேணுங்கறாங்க, நீங்க வேண்டாங்கறீங்க. உங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கக் கூடாதாம்மா?"

"எங்களுக்குள்ள தீர்ந்துபோய் ரொம்ப நாளாச்சுங்க," என்றாள் பார்லர்க்காரி. "சட்டத்துக்குத்தான் அவர் இல்லாம எங்க புள்ளைங்க கண்ணுக்குத் தெரியலை."

டவாலி சிரிக்க வாயெடுத்தான். பெஞ்சின் ஓரத்தில் இருந்த இரண்டு குழந்தைகளைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போனான்.

சற்று நேரத்தில் வக்கீல் வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே இருவரும் எழுந்துவிட்டார்கள்.

"தள்ளி வெச்சுட்டாங்க. ரெண்டையும்."

"இந்தத் தடவை என்ன காரணமாம் மேடம்?"

வக்கீல் சொல்வதற்கு முன் ஒரு முறை உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தகப்பனோட தரப்பைக் கேக்காம ஒரு குழந்தையோட வாழ்க்கையை முடிவு பண்றது நியாயமில்லையாம். அவருக்கு இன்னொரு சந்தர்ப்பம் குடுத்திருக்காங்க."

சிட்டு, குழந்தை விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்தி, "அம்மா, நம்மளை எப்ப கேப்பாங்க?" என்றாள்.

அவள் குனிந்து, சிட்டுவின் மடியில் தூங்கும் குழந்தையை வாங்கிப் பார்லர்க்காரியின் தோளில் போட்டாள். பிறகு வக்கீலிடம் திரும்பினாள்.

"அடுத்த தேதி என்னைக்கு மேடம்? சொல்லுங்க, நான் லீவு போடணும்."